கரும்புள்ளியின் தலைக்கு மேலே

சென்ற இதழில் சூரியக் கரும்புள்ளிகளைப் பற்றி எழுதும்போது, "கரும்புள்ளிக்கு மேலே எழும்பி நிற்கும் காந்தப்புலத்தை ரேடியோ அலைகளை வைத்து அளக்கிறார்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. முப்பத்தோரு வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவளுக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது. இந்த இதழின் பக்கங்கள் முழுக்க அந்தக் கேள்விகளுக்குத்தான்.

டீச்சர், கரும்புள்ளியில் காந்தம் இருப்பதை 1908-லேயே ஒளியை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். அப்புறம் எதற்கு ரேடியோ?
– பிளஸ் ஒன் மாணவி, உசிலம்பட்டி

சரியான இடத்தில் பிடித்தாய், கண்ணு. அமெரிக்காவில் மவுண்ட் வில்சன் மலையில் ஜார்ஜ் எல்லரி ஹேல் செய்த வேலை அது. கரும்புள்ளியிலிருந்து வரும் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது நிறமாலைக் கோடுகள் பிளவுபட்டிருந்தன. காந்தம் இருந்தால்தான் அப்படிப் பிளவுபடும். காந்தப்புலத்தின் வலுவை அளக்கும் அலகு காஸ். பெரிய புள்ளிகளில் 3000 காஸ் வரை சாதாரணமாக இருக்கிறது. நம் திசைகாட்டி முள்ளைத் திருப்பும் பூமியின் புலம் அரை காஸ்தான் என்பதையும் நினைத்துக்கொள்.

ஆனால் அந்த ஒளி கிளம்புவது சூரியனின் 'தரை' என்று நாம் சொல்லும் ஒளிமண்டலத்திலிருந்து. காந்தப்புலம் தரையோடு நிற்பதில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்பி, விரிந்து, வளைந்து, வேறொரு புள்ளியில் இறங்குகிறது. சூரியச் சுடர்வெடிப்பு நடப்பதும் அந்த உயரத்தில்தான், கொரோனா எனப்படும் சூரியனின் வெளி வளிமண்டலத்தில். மரத்தின் தூரை அங்குலம் அங்குலமாக அளந்து வைத்திருக்கிறோம். கிளை எங்கே விரிகிறது, எந்தக் கிளை முறுக்கிக்கொண்டு நிற்கிறது என்பது கண்ணுக்குத் தெரியவில்லை. நிலைமை அதுதான்.

கொரோனாவையும் ஒளியால் அளந்துவிடலாமே என்பாய். அங்கே வெப்பம் 10 லட்சம் டிகிரிக்கு மேல். அணுக்கள் தறிகெட்டு ஓடுவதால் நிறமாலைக் கோடு ஒவ்வொன்றும் அகன்று பரவிவிடுகிறது. காந்தம் உண்டாக்கும் சிறு பிளவு அந்த அகலத்துக்குள் மூழ்கிப்போகிறது. போதாததற்கு, கொரோனாவின் ஒளி தரையின் ஒளியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். தூரின் அளவை வைத்துக் கிளையைக் கணக்குப் போட்டுச் சொல்லும் முறைகள் உண்டு. அந்தக் கணக்கு சரியா என்று பார்க்க வேறொரு அளவு வேண்டுமல்லவா? அதற்குத்தான் ரேடியோ.

அலைவரிசை எண்ணைப் பார்த்தே இத்தனை காஸ் என்று எப்படிச் சொல்ல முடிகிறது? கொஞ்சம் விளக்கமாக எழுதுங்கள் மேடம்.
– மின்வாரியப் பொறியாளர், கோவில்பட்டி

நான் இத்தனை வருடம் பாடம் நடத்தியதில், சொல்லச் சொல்ல அலுக்காத விஷயம் இது.

வீட்டில் தூளி கட்டிக் குழந்தையை ஆட்டியிருப்பீர்கள். மெல்ல ஆட்டினாலும் கொஞ்சம் வேகமாக ஆட்டினாலும் ஒரு தடவை போய்த் திரும்ப ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். வேகமாகத் தள்ளினால் தூளி கூடுதல் தூரம் போகும், நேரம் மாறாது. நேரத்தைத் தீர்மானிப்பது கயிற்றின் நீளம்.

காந்தப்புலத்தில் அகப்பட்ட எலக்ட்ரானும் அப்படித்தான். அது காந்தக் கோட்டைச் சுற்றிச் சுழலும். வேகமான எலக்ட்ரான் பெரிய வட்டம் போடும், மெதுவானது சின்ன வட்டம் போடும், ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் இரண்டுக்கும் ஒன்றே. அந்த நேரத்தைத் தீர்மானிப்பது காந்தப்புலத்தின் வலு மட்டும். ஒரு காஸுக்கு நொடிக்கு 28 லட்சம் சுற்று, அதாவது 2.8 மெகாஹெர்ட்ஸ். 1000 காஸ் என்றால் 280 கோடி சுற்று, 2.8 கிகாஹெர்ட்ஸ். நம் செல்போன், வைஃபை எல்லாம் புழங்கும் எல்லை அது. கரும்புள்ளியின் தலைக்கு மேலே எலக்ட்ரான்கள் போடும் வட்டம், நம் வீட்டு வைஃபை பெட்டியின் அலைவரிசைக்குப் பக்கத்தில் வந்து நிற்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

இன்னொரு சங்கதி இருக்கிறது. சுழலும் எலக்ட்ரான் அந்த அடிப்படை அலைவரிசையில் மட்டுமல்லாமல் அதன் இரண்டு மடங்கிலும் மூன்று மடங்கிலும் அலை விடுகிறது. உயரம் ஏற ஏறப் புலம் குறைகிறது. அதனால் கீழே அடிப்படை அலையாகப் பிறந்தது, மேலே வரும் வழியில், தனக்கு இரண்டாம் மடங்காகவும் மூன்றாம் மடங்காகவும் பொருந்துகிற அடுக்குகளைத் தாண்டியாக வேண்டும். அந்த அடுக்குகள் அதை விழுங்கிவிடுகின்றன. கடைசியில் நம் ஆண்டெனாவுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் மூன்றாம் மடங்கு அடுக்கிலிருந்து கிளம்பிய அலை. அந்த அடுக்கு நூறு, இருநூறு கிலோமீட்டர் தடிமன்தான் இருக்கும். சூரியனின் அளவுக்கு அது வெங்காயத் தோல்.

ஆகவே கணக்கு இதுதான்: 2.8-இன் மூன்று மடங்கு 8.4. மெகாஹெர்ட்ஸில் உள்ள எண்ணை 8.4-ஆல் வகுத்தால் காஸ். 6 சென்டிமீட்டர் அலையில், அதாவது 5000 மெகாஹெர்ட்ஸில் ஒரு படம் எடுத்தால், அந்தப் புள்ளிக்கு மேலே 600 காஸ் உள்ள தோல் பளிச்சென்று தெரியும். 17 கிகாஹெர்ட்ஸில் எடுத்தால் 2000 காஸ் தோல், அதற்கு உள்ளே. அலைவரிசையை ஏற்ற ஏற்ற வெங்காயத்தை உரித்துக்கொண்டே போகலாம்.

இதில் என் மனதுக்கு நெருக்கமான படம் ஒன்று. நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் தொலைநோக்கியில் 6 சென்டிமீட்டர் அலையில் பார்த்து, கிரேக்கரான அலிசாண்ட்ராகிஸும் இந்தியாவிலிருந்து போன முகுல் குண்டுவும் 1982-இல் வெளியிட்டார்கள். கரும்புள்ளி ஒரே திட்டாக ஒளிரவில்லை. வளையமாக ஒளிர்ந்தது, நடுவில் மங்கல். காரணம் என்னவென்றால், புள்ளியின் நடுவில் காந்தக் கோடுகள் நேராக நம்மைப் பார்த்து நிற்கின்றன. கோட்டின் நீளவாக்கில் பார்க்கும்போது இந்த அலை வெளிவராது. சுற்றிலும் கோடுகள் சாய்ந்திருக்கும் இடத்தில்தான் அலை நன்றாக வரும். இது கோட்பாடு ஏற்கெனவே சொல்லி வைத்திருந்த விஷயம். தாளில் எழுதிய சமன்பாடு சூரியன் மேல் வளையமாகத் தெரிந்தது.

கூடவே ஒன்று. எலக்ட்ரான் ஒரு திசையில்தான் சுழலும் என்பதால் வரும் அலையும் வலஞ்சுழியாகவோ இடஞ்சுழியாகவோ ஓங்கி இருக்கும். புலம் நம்மை நோக்கி வந்தால் வலஞ்சுழி, விலகிப் போனால் இடஞ்சுழி. மோதலால் மட்டும் எழும் சாதாரண வெப்ப ரேடியோ ஒளியிலிருந்து காந்த ஒளியைப் பிரித்துப் பார்க்கவும் இந்தச் சுழி பெரிய உதவி.

சகோதரி, காஸ் தெரிகிறது, சரி. அது எத்தனை உயரத்தில் இருக்கிறது என்பதை எப்படி அளந்தார்கள்?
– ஓய்வுபெற்ற நில அளவையர், தேனி

அளவைக்காரர் என்பது கேள்வியிலேயே தெரிகிறது ஐயா. புள்ளி சூரியனின் நடுவில் இருக்கும்போது நாம் அதை உச்சியிலிருந்து பார்க்கிறோம். விமானத்திலிருந்து நேர் கீழே திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பார்த்தால் அது எவ்வளவு உயரம் என்று சொல்ல வராது. ரயிலில் வரும்போது தூரத்தில் பக்கவாட்டில் பார்த்தால் தெரிந்துவிடும். சூரியன் சுழல்வதால் புள்ளி நாளுக்கு நாள் நகர்ந்து விளிம்புக்கு வரும். அங்கே வைத்துத்தான் அளக்க வேண்டும்.

2004 ஜூலை 29 அன்று 10652 என்ற எண் கொண்ட பெரிய கரும்புள்ளிப் பகுதி சூரியனின் மேற்கு விளிம்புக்கு வந்தது. ஜெஃப்ரி புரோசியஸும் ஸ்டீபன் ஒயிட்டும் நியூ மெக்சிகோவிலுள்ள 27 டிஷ் கொண்ட வி.எல்.ஏ. தொலைநோக்கியில் அதைப் பார்த்தார்கள். 15 கிகாஹெர்ட்ஸுக்குச் சற்றுக் குறைவான அலையில் விளிம்புக்கு மேலே 8000 கிலோமீட்டர் உயரத்தில் ஒளி தெரிந்தது: 1750 காஸ். 8 கிகாஹெர்ட்ஸில் 12,000 கிலோமீட்டர் உயரம்: 960 காஸ். 4000 கிலோமீட்டர் ஏறுவதற்குள் புலம் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. கையில் பென்சில் இருந்தால் 8.4-ஐ வைத்து வகுத்துப் பாருங்கள், பொருந்தி வரும்.

தரையிலேயே 3000 காஸ்தான், அதற்கு 8000 கிலோமீட்டர் மேலே இன்னும் 1750 நிற்கிறது என்பது எனக்கு முதலில் படித்தபோது பெரிய ஆச்சரியம்.

மேடம், நான் டிஷ் ஆண்டெனா மாட்டுகிற வேலை செய்கிறேன். பழைய டிஷ் பத்துப் பன்னிரண்டு வீட்டில் கிடக்கிறது. இதை வைத்துக் கரும்புள்ளியைப் பார்க்க முடியுமா? சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.
– டிடிஎச் மெக்கானிக், திண்டுக்கல்

தம்பி, இதில் சிரிக்க என்ன இருக்கிறது? இந்த மாதம் வந்த கடிதங்களில் உங்களுடையதைத்தான் என் வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன்.

சூரியனின் ரேடியோ இரைச்சலை உங்கள் தொழிலில் நீங்கள் ஏற்கெனவே சந்தித்திருப்பீர்கள். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள் நண்பகலை ஒட்டிச் சில நிமிடம் படம் உடைந்துபோகும், வாடிக்கையாளர் போன் போடுவார். அப்போது சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. அதன் இரைச்சல் சிக்னலை அமுக்கிவிடுகிறது.

நாங்கள் கல்லூரி மொட்டை மாடியில் ஒரு தடவை இதைச் செய்து பார்த்தோம். 60 சென்டிமீட்டர் டிஷ், அதன் முன்னால் சிக்னலை வாங்கும் எல்.என்.பி., நீங்கள் வைத்திருப்பீர்களே, முள் ஆடுகிற சாட்டிலைட் ஃபைண்டர், அவ்வளவுதான். டிஷ்ஷைச் சூரியன் பக்கம் மெல்லத் திருப்பினால் ஒரு இடத்தில் ஃபைண்டர் கிறீச்சிட்டு முள் ஏறும். பிறகு டிஷ்ஷை அசைக்காமல், சூரியன் வரப்போகும் இடத்துக்குச் சற்று முன்னால் திருப்பி வைத்துவிட்டுக் காத்திருந்தோம். பூமி சுழல்வதால் சூரியன் தானாக டிஷ்ஷின் பார்வைக்குள் நுழைந்து வெளியேற வேண்டும். மாணவிகள் இருவர் அரை நிமிடத்துக்கு ஒரு முறை முள்ளைப் படித்துச் சொல்ல, ஒருத்தி நோட்டில் எழுதினாள். முள் ஏறத் தொடங்கி இறங்கி முடிய ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடம். நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் மூன்று டிகிரி. அந்த அளவு டிஷ்ஷுக்கு, அந்த அலைநீளத்துக்கு, கோட்பாடு சொல்வதும் அதே மூன்று டிகிரி. அன்றைக்கு அந்த வெயிலில் யாருக்கும் கீழே இறங்க மனமில்லை.

நீங்கள் செய்யும்போது ஒன்று மட்டும் கண்டிப்பு: கண்ணால் சூரியனைத் தேடாதீர்கள், முள் சொல்வதைக் கேட்டு நிறுத்துங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். சூரியனின் அகலம் அரை டிகிரி. உங்கள் டிஷ் பார்ப்பது மூன்று டிகிரி. சூரியனே அதற்கு ஒரு புள்ளியாகத்தான் தெரியும் என்கிறபோது, அதன் மேலுள்ள கரும்புள்ளியைப் பிரித்துப் பார்க்க முடியாது. புள்ளிகளின் காந்த அமைப்பைப் பார்க்க ஒரு டிகிரியை 360 பாகமாக்கி அதில் ஒன்றையாவது பிரித்தறிய வேண்டும். 6 சென்டிமீட்டர் அலையில் அதற்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் அகலமான டிஷ் வேண்டும். அப்படி ஒன்றை யாராலும் கட்ட முடியாது. அதனால் சின்னச் சின்ன டிஷ்களைத் தள்ளித் தள்ளி நட்டு, எல்லாவற்றின் சிக்னலையும் ஜோடி ஜோடியாகச் சேர்த்துக் கணக்குப் போட்டால், அந்தப் பரப்பு முழுவதும் ஒரே டிஷ் போல வேலை செய்யும்.

ஜப்பானில் நோபெயாமா என்ற இடத்தில் சூரியனுக்கென்றே அப்படி ஒன்று இருந்தது. 84 டிஷ். ஒவ்வொன்றும் எவ்வளவு அகலம் தெரியுமா? 80 சென்டிமீட்டர். நீங்கள் மொட்டை மாடியில் மாட்டுவதற்கு அண்ணன் என்று சொல்லலாம், அவ்வளவுதான். கிழக்கு மேற்காக 490 மீட்டர், வடக்கு தெற்காக 220 மீட்டர், ஆங்கில 'T' எழுத்து வடிவில் நட்டிருந்தார்கள். 1992 முதல் 17 கிகாஹெர்ட்ஸில் தினமும் சூரியனைப் படம் எடுத்தது. 2000 காஸுக்கு மேல் உள்ள புள்ளி வந்தால் அந்தப் படத்தில் தனியாகப் பளிச்சிடும்.

வீட்டில் கிடக்கும் டிஷ்களைத் தூக்கிப் போடாதீர்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கேட்டால் இரண்டு வாங்கிக்கொள்வார்கள். மாட்டியும் கொடுங்கள்.

கரும்புள்ளிக்கும் ரேடியோவுக்கும் தொடர்பு இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தது யார்?
– நூலகர், விருதுநகர்

போரில் வெளிப்பட்டது அது. 1942 பிப்ரவரி 26 முதல் 28 வரை பிரிட்டனின் விமான எதிர்ப்பு ராடார்களில் பெரும் இரைச்சல். ஜெர்மானியர்கள் ராடாரை முடக்குகிறார்கள் என்ற சந்தேகத்தில் ஜேம்ஸ் ஸ்டான்லி ஹேயை விசாரிக்கச் சொன்னார்கள். இரைச்சல் வரும் திசை சூரியனோடு சேர்ந்து நகர்ந்தது. அன்று சூரியனின் நடுவில் பெரிய கரும்புள்ளிக் கூட்டம் ஒன்று இருந்தது. போர் முடியும்வரை இது ரகசியம்.

1946-இல் ஆஸ்திரேலியாவில் ரூபி பெய்ன்-ஸ்காட் உள்ளிட்ட குழு, சிட்னியின் டோவர் ஹைட்ஸ் கடலோரப் பாறை மேலிருந்த ராடார் ஆண்டெனாவை வைத்து, உதயத்தில் நேராக வரும் அலையையும் கடலில் பட்டுத் திரும்பும் அலையையும் சேர்த்துப் பார்த்து, கதிர்வீச்சு கரும்புள்ளிக் கூட்டத்திலிருந்தே வருகிறது என்று காட்டினார்கள். திருமணமான பெண்ணுக்கு அரசில் நிரந்தர வேலை இல்லை என்ற விதி அந்த நாட்டில் அப்போது இருந்தது. ரூபி தன் கல்யாணத்தையே வெளியில் சொல்லாமல் வேலை பார்த்தார், 1951-இல் விலகினார். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஆனால் நாம் பேசுகிற காந்த ஒளி, வெடிப்பு இல்லாதபோதும் நிலையாக ஒளிர்வது. அதற்கு முதல் தெளிவான தடயம் கனடாவில் கிடைத்தது. 1946 நவம்பர் 23, பகுதி சூரிய கிரகணம். ஆர்தர் கோவிங்டன் பழைய ராடார் பாகங்களை வைத்து 10.7 சென்டிமீட்டர் அலையில் சூரியனை அளந்துகொண்டிருந்தார். நிலவு சூரியத் தட்டின் மேல் ஏற ஏற அளவு மெல்லக் குறைந்தது. பெரிய கரும்புள்ளியை நிலவு மூடியபோது மட்டும் சட்டென்று இறங்கியது. கிரகணத்தையே கத்தியாக வைத்து அறுத்துப் பார்த்த மாதிரி. அவர் தொடங்கிய அந்த 10.7 சென்டிமீட்டர் அளவை 1947 முதல் கனடாவில் இன்றுவரை தினமும் எடுத்து வருகிறார்கள்.

நம் ஊட்டி ரேடியோ தொலைநோக்கியில் இதைச் செய்வார்களா?
– தேயிலைத் தோட்ட எழுத்தர், குன்னூர்

செய்வதில்லை. முத்தொரையில் 530 மீட்டர் நீளத்துக்கு மலைச்சரிவில் கிடக்கிறதே, அது வேலை செய்வது 326.5 மெகாஹெர்ட்ஸில். கரும்புள்ளி மேலுள்ள வலுவான புலத்துக்கு அது மிகத் தாழ்ந்த அலைவரிசை. சூரியக் காற்றைப் படிக்க அது பேர்போனது.

ஆனால் அதைக் கட்டிய கோவிந்த் ஸ்வரூப்பின் பெயர் நம் கதையின் மையத்தில் இருக்கிறது. சூரியனின் நிலையான நுண்ணலை ஒளி, காந்தப்புலத்தில் சுழலும் எலக்ட்ரான்களிடமிருந்தே வருகிறது என்று கணக்கிட்டுக் காட்டிய முன்னோடிக் கட்டுரைகளில் ஒன்று, 1962-இல் ஜப்பானியரான ககினுமாவும் அவரும் சேர்ந்து எழுதியது. ஊட்டிக்கும் முன்னால், சிட்னியின் பாட்ஸ் ஹில்லில் சூரியனைப் பார்த்து ஓய்ந்திருந்த 32 சின்ன டிஷ்களை ஆஸ்திரேலியா இந்தியாவுக்குக் கொடையாகக் கொடுத்தது. அவற்றை 1965-இல் மும்பைக்குப் பக்கத்தில் கல்யாணில் நிறுவிச் சூரியனைத்தான் பார்த்தார்கள். ஒவ்வொரு டிஷ்ஷும் ஆறடி அகலம். திண்டுக்கல் தம்பி கவனிக்கவும்.

ஆதித்யா-எல்1 போன பிறகும் தரையிலிருந்து ரேடியோ தேவையா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

தேவை. சூரியனைப் பார்க்க இந்தியா அனுப்பிய அந்த விண்கலத்திலுள்ள கொரோனா கருவி சூரியத் தட்டை மறைத்துவிட்டு விளிம்புக்கு வெளியே பார்க்கிறது. அதன் பார்வை தொடங்குவதே சூரிய ஆரத்தின் 1.05 மடங்கில், அதாவது தரைக்கு ஏறக்குறைய 35,000 கிலோமீட்டர் மேலே. நாம் மேலே பார்த்த 1750 காஸ் இருப்பது 8000 கிலோமீட்டரில். இரண்டும் வேறு வேறு மாடிகள்.

நீங்கள் படித்ததிலேயே மிகப் பெரிய அளவு எது டீச்சர்?
– பிளஸ் ஒன் மாணவி, உசிலம்பட்டி (இரண்டாவது கடிதம்)

2017 செப்டம்பரில் 12673 என்ற எண் கொண்ட கரும்புள்ளிப் பகுதி சில நாளில் மளமளவென்று வளர்ந்தது. 6-ஆம் தேதி எக்ஸ்9.3 அளவில் வெடித்தது; சுடர்வெடிப்புகளில் மிகப் பெரிய வகைக்குத்தான் 'எக்ஸ்' என்று பெயர். விளிம்பை அடைந்தபோது 10-ஆம் தேதி இன்னொரு பெரும் வெடிப்பு. கலிபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் 13 டிஷ்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த டிஷ் கூட்டம் வெடிப்பின் இடத்திலேயே காந்தப்புலம் நொடிக்கு 5 காஸ் வீதம் இரண்டு நிமிடம் குறைந்துகொண்டே போனதை அளந்தது. குறைந்த காந்த ஆற்றல்தான் வெடிப்பாக மாறியது. அந்த வீழ்ச்சியை நேருக்கு நேர் எண்ணாகக் காட்டிய வேலை 2020-இல் வெளிவந்தது.

நீ கேட்ட மிகப் பெரிய அளவும் அதே பகுதியில்தான். நோபெயாமாவின் அந்த 80 சென்டிமீட்டர் டிஷ்கள் 17-ஓடு 34 கிகாஹெர்ட்ஸிலும் படம் எடுக்கும். 34-இல் கரும்புள்ளி மேல் காந்த ஒளி தெரிவது மிக அபூர்வம். 12673-இன் மேல் தெரிந்தது. அந்த முடிவு 2019-இல் வெளியானது. மறு ஆண்டு மார்ச்சில், ஏறக்குறைய 28 வருடம் சூரியனைப் பார்த்த பிறகு, அந்த 84 டிஷ்களும் நிறுத்தப்பட்டன. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வீட்டில் ஒருவர் போன மாதிரி இருந்தது.

எத்தனை காஸ் என்று நான் சொல்லப்போவதில்லை, கண்ணு. 34,000-ஐ 8.4-ஆல் நீயே வகுத்துப் பார்த்து அடுத்த கடிதத்தில் எழுது.